பறிகொடுத்த இடத்திலேயே

அவிநாசியிலிருந்து திருப்பூர் செல்லும் சாலையில் ஐந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திருமுருகன்பூண்டி. கொங்கேழு தலங்களில் ஒன்று. சேரமான் பெருமாள் நாயனாரிடம் விடைபெற்று, அவர் அளித்த பொன்னும் மணியும் ஆடையும் உடன்வரத் திரும்பிக்கொண்டிருந்த சுந்தரமூர்த்தி சுவாமிகளை, வேடர் உருவில் வந்த சிவகணங்கள் வழிமறித்து அனைத்தையும் கவர்ந்தது இவ்விடத்தில்தான் என்பது தலபுராணம். மாசித் திருவிழாவில் இன்றும் வேடுபறி உற்சவமாக அது நடத்திக் காட்டப்படுகிறது.

பொருளை இழந்த சுந்தரர் அங்கே அழவில்லை. சந்நிதிக்குச் சென்று வழக்காடினார். வழிப்போக்கரை அடித்துப் பறிக்கும் வேடர்கள் நிறைந்த ஊரில் எம்பெருமானுக்கு என்ன வேலை, எதற்காக இங்கே குடியிருக்கிறீர் என்று கேட்கும் பதிகம் அது. பறிபோனவை திரும்பி வந்தன. அவிநாசி வழியில் கோயில் கொண்டிருக்கும் கூப்பிடு விநாயகர்தான், பொருள் இருக்கும் திசையைக் குரல் கொடுத்துக் காட்டியவர் என்பார்கள். இழந்தவனுக்கு முதலில் வேண்டியது எங்கே போய்க் கேட்பது என்ற விவரம். அதைச் சொல்வதற்கு ஒரு பிள்ளையார் தேவைப்பட்டிருக்கிறார்.

இந்தத் தலத்தைச் சுற்றியுள்ள பூமிக்கு வேடுபறி புதிதன்று. வேடர்களின் பெயர்கள்தாம் காலந்தோறும் மாறி வந்திருக்கின்றன. 1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் 127 நாள்கள் நீடித்தது. நான்கு மாதங்களுக்கும் மேலாகச் சனிக்கிழமைச் சம்பளம் இல்லாமல் குடும்பங்கள் எப்படி அடுப்பெரித்தன என்பதை, இன்று எழுபதைக் கடந்த பலர் நினைவிலிருந்து சொல்வார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அன்று மூடப்பட்ட தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள், கோவையின் முருகன் மில், பங்கஜா மில், கம்போடியா மில் உள்ளிட்டவை, ஊரடங்கு விலகிய பின்னும் சங்கு ஊதவில்லை. 2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, அமெரிக்க ஆர்டர்களை நம்பியிருந்த கம்பெனிகளில் ஷிப்டுகள் குறைந்தன. வாஷிங்டனில் இடப்பட்ட கையெழுத்து, அவிநாசி வட்டத்துக் கிராமம் ஒன்றில் பள்ளிக் கட்டணத்தைத் தள்ளிப்போட வைக்கும் காலம் இது.

இவை எல்லாவற்றிலும் விரிவாக எண்ணிப் பார்க்க வேண்டியது 2011ஆம் ஆண்டு. சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்பகுதி நிலங்களையும் கிணறுகளையும் கெடுத்தது. விவசாயிகள் பல ஆண்டுகள் வழக்கு நடத்தினர். கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற உத்தரவு நிறைவேறாமலே இருந்ததால், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே வீச்சில் நின்றன.

தீர்ப்பில் தவறு காண்பதற்கில்லை. ஆற்றைக் கெடுத்தது உண்மை. ஆனால் ஆற்றைக் கெடுத்ததால் லாபம் கண்டவரும், அதனால் வேலையிழந்தவரும் ஒரே ஆள் அல்லர். தொட்டியருகே நின்று கை நிறம் மாறியவர்களுக்கும், சாயத்துணியை நம்பியிருந்த வண்டிக்காரர்களுக்கும், மடிப்பு வேலை செய்த பெண்களுக்கும் மறுநாள் காலை செல்ல இடமில்லை. வெளி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். உள்ளூர்க்காரர்கள் கிடைத்ததைப் பற்றிக்கொண்டார்கள். பின்னர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீரமைக்க மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளித்து, பட்டறைகள் படிப்படியாக மீண்டும் திறந்தன. நிலையங்களுக்குக் கடன் கிடைத்தது. இடைப்பட்ட மாதங்களை நகை அடகு வைத்துக் கடந்த தொழிலாளிக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

திருப்பூரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லப்படுவது ஒன்று உண்டு: இங்கே கூலியாக நுழைந்தவர் முதலாளி ஆகலாம் என்பது. அது வெறும் பேச்சன்று. 1990களில் இங்கு வந்து தங்கி ஆய்ந்த ஷரத் சாரி என்ற அறிஞர், பனியன் கம்பெனி உரிமையாளர்களில் கணிசமானோர் எளிய வேளாண் குடும்பங்களிலிருந்து வந்து, தொழிலாளியாக இருந்து உயர்ந்தவர்கள் என்பதை ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். ஆயினும் வென்றவரை மட்டும் எண்ணுவது கணக்காகாது. நான்கு தையல் இயந்திரங்களுடன் பவர்டேபிள் தொடங்கி, இரண்டே ஆண்டுகளில் இயந்திரத்தை விற்றுக் கடனை அடைத்தவர்களைப் பற்றி எவரும் நூல் எழுதுவதில்லை. ஒரு கம்பெனி மூடப்படும்போது ஓவர்லாக் இயந்திரங்கள் பாதி விலைக்கு வரும். ‘இந்த விலைக்கு இனிக் கிடைக்காது’ என்று சொல்லிப் பணி இழப்புத் தொகை முழுவதையும் அதில் போடுவார்கள். இயந்திரம் மலிவாகக் கிடைக்கும் காலம்தான் தைக்கத் துணி கிடைக்காத காலம் என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை.

வேலை இழந்தவனின் துயரத்தைப் பெரியபுராணம் சொல்லாமல் விடவில்லை. சேக்கிழார் பெருமான் காட்டும் கலிய நாயனாரின் வரலாற்றை அந்தக் கோணத்தில் படித்துப் பார்த்தால் உள்ளம் நடுங்கும். திருவொற்றியூரில் செக்குத் தொழில் செய்த செல்வக் குடும்பம். கோயில் முழுவதும் இரவும் பகலும் விளக்கேற்றுவது அவரது திருத்தொண்டு. செல்வம் கரைகிறது. உறவினரிடம் எண்ணெய் வாங்கி விற்று, அதில் கிடைத்த ஊதியத்தில் விளக்கேற்றுகிறார். சில காலத்தில் உறவினர் எண்ணெய் கொடுக்க மறுக்கிறார்கள். முதலாளியாக இருந்தவர் பிறருடைய செக்கில் கூலிக்கு நிற்கிறார். அக்கூலி வேலைக்கும் ஆள்கள் பெருகவே, அதுவும் கிடைக்காமல் போகிறது. வீட்டுப் பொருள்களை விற்கிறார்; வீட்டையும் விற்கிறார். இறுதியில் மனைவியையே விற்க முற்பட்டு, கொள்வாரின்றி, அகலில் எண்ணெய்க்குப் பதிலாகத் தம் உதிரத்தை நிறைக்க எண்ணிக் கழுத்தில் அரிவாளை வைக்கிறார். அந்தக் கையை இறைவன் பற்றிக்கொள்கிறான்.

சொந்தத் தொழில், பிறகு தரகு, பிறகு கூலி, பிறகு கூலியும் இல்லாமை, பிறகு வீட்டுப் பொருள், பிறகு வீடு. படிப்படியாக இறங்கும் இந்த வரிசை எட்டு நூற்றாண்டுகளுக்கும் மேல் பழைய நூலில் இருக்கிறது. இன்றும் ஒரு படிகூட மாறவில்லை. அரிவாள் வரையில் போனவர் நாயனார் ஆனதற்குக் காரணம் அவரது அன்பு. சாதாரணக் குடும்பங்களில் அந்தக் கையைப் பற்றுவதற்கு வீட்டில் உள்ளவர்கள்தாம் இருக்கிறார்கள். வேலை போன மகன் காலையில் வழக்கம்போலச் சாப்பாட்டுப் பாத்திரத்துடன் கிளம்பி, எங்கோ உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்புவது கொங்கு நாட்டில் நடக்காத செய்தியன்று. வட்டாரத்தில் மானம் பெரிது. ‘அவனுக்கு வேலை போயிருச்சாம்’ என்ற சொல்லுக்கு அஞ்சுகிறார்கள். பேச்சு குறைந்து, தூக்கம் கெட்டு, கணக்குகளை எல்லாம் திடீரென்று மனைவியிடம் ஒப்படைக்கும் மகனைக் கண்டால், பெற்றோர் அன்றைக்கே அருகில் அமர்ந்து பேச வேண்டும். தமிழக அரசின் 104 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் ஆலோசகர் பேசுவார். அழைப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை.

கலிய நாயனார் ஆட்டிய செக்கு இப்போது மீண்டும் வந்திருக்கிறது. மரச்செக்கு எண்ணெய்க்குக் கிராக்கி கூடியதால், வேலையிழந்தவர்கள் பலரின் கண் அதில் விழுகிறது. காங்கயம் பக்கம் கொப்பரைக்குப் பெயர்பெற்றது, அவிநாசிக்குத் தூரமில்லை. இந்தத் தொழிலின் கணக்கு வெளியிலிருந்து பார்ப்பதற்கு எளிது. நூறு கிலோ நல்ல கொப்பரையில் அறுபது கிலோவுக்குச் சற்று மேல் எண்ணெய் இறங்கும், மீதி புண்ணாக்கு. புண்ணாக்கு மாட்டுத் தீவனத்துக்கு விலை போகும். ஆனால் லாபம் செக்கில் இல்லை, கொப்பரை வாங்குவதில் இருக்கிறது. விலை ஏறிய வாரத்தில் வாங்கி, இறங்கிய வாரத்தில் எண்ணெய் விற்றால் உழைப்பு முழுவதும் போய்விடும். ஈரம் காயாத கொப்பரை ஒரு மூட்டை கலந்தால் எண்ணெய் சிக்கல் வாடை அடிக்கும். வாடிக்கையாளர் இரண்டாம் முறை வரமாட்டார். ஆகவே இயந்திரத்துக்குப் போடும் முதலைவிடச் சரக்குக்கும் மூன்று மாதக் குடும்பச் செலவுக்கும் எடுத்துவைக்கும் பணம் முக்கியம். எண்ணெயோ முறுக்கோ பொடியோ, உணவுப் பொருள் விற்பவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சிறிய அளவில் செய்பவர்களுக்கு ஆண்டுக் கட்டணம் நூறு ரூபாய்தான். இதற்குத் தரகருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பது வீண்.

கறிக்கோழி ஒப்பந்த வளர்ப்பு பல்லடம் வட்டாரம் உலகுக்குக் காட்டிய வழி. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனம் தரும். கொட்டகையும் மின்சாரமும் உழைப்பும் வளர்ப்பவருடையது. ஆறு வாரங்களில் கோழி எடை போடப்பட்டுக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வரும். நிலம் உள்ளவர்க்கு ஏற்றது. கோயிலுக்கு விரதம் இருக்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு மனம் ஒப்பாது என்பது வேறு. தொழில் முறையிலும் ஒரு சங்கடம் உண்டு: கொட்டகைக் கடன் வளர்ப்பவர் பெயரில் ஆண்டுக்கணக்கில் நிற்கும், குஞ்சு எப்போது வரும் என்பது நிறுவனத்தின் கையில் இருக்கும்.

மாடு அதைவிட மனத்துக்கு உகந்தது. அத்திக்கடவு - அவிநாசித் திட்டம், மூன்று தலைமுறைக் கோரிக்கைக்குப் பின் 2024 ஆகஸ்டு 17 அன்று செயல்பாட்டுக்கு வந்தது. பவானியின் உபரிநீர் 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாய்வழி செல்கிறது. 24,468 ஏக்கர் பயன்பெறும் என்பது திட்டக் கணக்கு. நீர்மட்டம் உயர்ந்தால் மேட்டாங்காட்டிலும் தீவனப்புல் வளர்க்கலாம். ஆயினும் ஒரே ஒரு கறவை மாடு வாங்கிக் குடும்பத்தை நடத்திவிடலாம் என்று எண்ணுவோர் ஏமாறுவர். கன்று ஈனுவதற்கு முன் இரண்டு மாதம் பால் வற்றவிட வேண்டும். தீவனச் செலவு மட்டும் வற்றாது. இரண்டு மாடுகளை ஆறு மாத இடைவெளியில் ஈனுமாறு வாங்குவதே பழைய பண்ணையத்தாரின் வழக்கம். கூட்டுறவுச் சங்கத்தில் பாலின் கொழுப்பையும் இதர சத்தையும் அளந்துதான் விலை போடுவார்கள். லிட்டர் கணக்கை மட்டும் பார்த்து மாடு வாங்கக் கூடாது.

பூண்டியின் சாலையோரங்களில் உளியோசை கேட்கும் சிற்பக்கூடங்களும் இந்தப் பேச்சில் சேரும். ஊத்துக்குளிக் கல்லில் இங்கே வடிக்கப்படும் விநாயகரும் அம்மனும் நந்தியும் தமிழகத்துக்கு வெளியிலும் கோயில் கொண்டிருக்கிறார்கள். அந்தத் தொழில் கும்பாபிஷேகங்களை நம்பியது. ஊரடங்கில் திருப்பணிகள் நின்றபோது உளியும் நின்றது. நாற்பத்தைந்து வயதில் கம்பெனியை விட்டு வந்தவர் சிற்பியாகிவிட முடியாது. கண் திறக்கும் கை ஒரு வாழ்நாள் பயிற்சி. ஆனால் கல் அறுப்பு, மெருகேற்றல், ஏற்றி இறக்குதல், கணக்கு, வெளியூர் ஆர்டர்களைக் கடிதத்திலும் தொலைபேசியிலும் கவனித்தல் என்று சிற்பக்கூடத்தைச் சுற்றி வேலைகள் உள்ளன. பெரிய கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தவருக்கு, காலத்துக்குள் சரக்கு அனுப்பும் ஒழுங்கு கைவந்திருக்கும். அதற்கு மதிப்பு உண்டு. இழந்த வேலையின் பெயரைத் தேடுவதைவிட, அந்த வேலையில் கற்ற கைத்திறன் வேறெங்கே விலை போகும் என்று தேடுவது பலன் தரும்.

புதிய வருமானத்தைத் தேடுவதற்கு முன் பழைய வேலையிலிருந்து வரவேண்டியதைக் கேட்டு வாங்க வேண்டும். இதில்தான் பெரும்பாலோர் சுந்தரரைப் போலன்றி வாய்மூடி வந்துவிடுகிறார்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்தாண்டு தொடர்ந்து பணிபுரிந்தவருக்குப் பணிக்கொடை உண்டு. கடைசியாகப் பெற்ற அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். மாதம் 18,000 ரூபாயில் பன்னிரண்டு ஆண்டு உழைத்தவருக்கு 1,24,615 ரூபாய் வரும். வாரச் சம்பளம் வாங்கியவர் என்பதால் இந்த உரிமை போய்விடாது. வருங்கால வைப்பு நிதியில் நிறுவனம் தன் பங்கைச் செலுத்தியிருக்கிறதா என்பதைக் கணக்குப் பதிவில் பார்த்துக்கொள்ள வேண்டும். இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்பட்டவர்களுக்கு, வேலையிழந்த காலத்தில் சராசரி நாள் ஊதியத்தில் பாதியை அதிகபட்சம் 90 நாள்களுக்கு வழங்கும் திட்டம் 2018இல் தொடங்கப்பட்டு அவ்வப்போது நீட்டிக்கப்பட்டது. நடப்பு நிலையைக் கிளை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். இருக்கிறது என்பதே தெரியாமல் விட்டவர் ஏராளம்.

அடுத்து, மூத்தவர்களின் சேமிப்பு. மகனுக்குத் துன்பம் வரும்போது பெற்றோர் முதலில் நீட்டுவது தங்கள் வைப்புத் தொகை ரசீதைத்தான். அன்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அறுபத்தெட்டு வயதில் கரைந்த முதல் திரும்பி வருவதில்லை. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்ட பணத்தை ஓராண்டுக்குள் முறித்தால் அதுவரை பெற்ற வட்டியும் பிடிக்கப்படும். ஓராண்டு முடிந்து இரண்டாண்டுக்குள் என்றால் முதலில் ஒன்றரை சதவீதம், அதற்குப் பின் ஒரு சதவீதம் குறையும். வட்டியைக் கொடுத்து உதவுவது, முதலைத் தொடாதிருப்பது என்ற வரம்பு இரு தலைமுறைக்கும் நல்லது. வங்கி வைப்புத் தொகையாக இருந்தால், முறிப்பதற்குப் பதிலாக அதன் பேரில் கடன் வாங்கலாம்; வைப்பு வட்டியைவிட ஓரிரு சதவீதமே கூடுதலாக இருக்கும்.

ஜாமீன் கையெழுத்து அதைவிடக் கவனத்துக்குரியது. ‘சும்மா ஒரு கையெழுத்துத்தான் அப்பா’ என்று சொல்லப்படும். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, வேறுவிதமாக எழுதப்படாத வரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். வாங்கியவரை விட்டுவிட்டு ஜாமீன்தாரரிடமே முதலில் கேட்கவும் கடன் கொடுத்தவருக்கு உரிமை உண்டு. குடியிருக்கும் ஒரே வீட்டை அடமானம் வைத்துத் தொடங்கும் தொழில் எத்தனை உன்னதமானதாயினும், அந்தத் தாளில் முதியவர் கையெழுத்திடாமல் இருப்பதே குடும்பத்துக்குச் செய்யும் உபகாரம்.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு அளித்தான். சம்பந்தர் பெற்ற காசுக்குக் கடைத்தெருவில் வட்டம் பிடித்தார்கள். அப்பர் காசுக்குப் பிடிக்கவில்லை. உழவாரம் ஏந்தி உடலால் உழைத்தவர் என்பதால் அவர் காசு வாசியின்றிச் சென்றது என்று பெரியோர் விளக்கம் கூறுவர். சம்பந்தர் வாசி தீர்க்குமாறு பாடிக் கேட்டார், தீர்ந்தது. கடனிலும் வாசி உள்ள காசு, வாசி இல்லாத காசு என்று இரண்டு உண்டு. வாரவட்டிக்காரரிடமும், கைப்பேசியில் ஐந்து நிமிடத்தில் கடன் தருவோரிடமும் வாங்குவதற்குள், ஈடில்லாத முத்ரா கடனுக்கு வங்கிக் கிளையில் விண்ணப்பித்துப் பார்க்கலாம். சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையிலும், கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரையிலும் உண்டு. தையல், மரவேலை, சிற்பம் போன்ற கைத்தொழில் தெரிந்த, 35 வயது நிறைந்தவர்களுக்கு மாநில அரசு 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. அவிநாசிப் பகுதியினர் இதற்கு நாட வேண்டியது திருப்பூர் மாவட்டத் தொழில் மையத்தை. ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் இவற்றுடன், வாங்கவிருக்கும் இயந்திரத்தின் விலைப்பட்டியலையும் முதல் நாளே கையில் எடுத்துச் சென்றால் இரண்டாம் நடை மிச்சமாகும்.